ஒழுகும் அச்சு

பழைய ஜீப் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் என்றொரு வாக்கியம் நம்மிடையே பழமொழி போலப் புழங்கி வருகிறது. வண்டி வைத்திருப்பவர்களும் சொல்கிறார்கள். பழுது பார்ப்பவர்களும் சொல்கிறார்கள். இவ்வாக்கியம் தவறானது, அதை நம்பி வண்டி ஓட்டுவது ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேட்டில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பராமரித்து வரும் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றின் முன் அச்சைப் பிரித்துப் பார்த்த பிறகு இக்கருத்து எங்களுக்கு உறுதிப்பட்டது.

இலக்கியம் பேசும் இடத்தில் அச்சுக்கும் எண்ணெய்க்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். உப்பு வணிகர்கள் வழியில் என்ன மேடு பள்ளம் வருமோ என்றெண்ணி வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் காட்டுகிறார். அந்தச் சேம அச்சையே எழினிக்கு உவமை ஆக்குகிறார். அச்சைப் பற்றிய கவலை நம் கவிதைக்குப் புதிதன்று. நம் உரைநடைதான் அதை மறந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தது இவ்வண்டி. 1940களின் இறுதியில் பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கத் தொடங்கிய மகிந்திரா, பின்னர் உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. அமெரிக்காவில் சி.ஜே.3பி வடிவம் 1968இல் நின்றுபோன பின்னும் இங்கே அதன் வழித்தோன்றல்கள் பல்லாண்டுகள் வெளிவந்தன. ஆகவே நம் கிராமங்களில் ஓடிய, ஓடுகிற பல ஜீப்புகளின் முன் அச்சு அந்தப் பழைய அமைப்பைச் சேர்ந்ததுதான்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன் அச்சுக்கு இரண்டு வேலைகள்: சக்கரத்தைச் சுழற்ற வேண்டும், திருப்பவும் வேண்டும். இதற்காக அச்சுக் குழாயின் இரு முனைகளிலும் உள்ளீடற்ற இரும்புக் கோளம் ஒன்று இருக்கிறது. அக்கோளத்தைச் சுற்றிக்கொண்டு, மேலும் கீழும் உள்ள கிங்பின் பேரிங்குகளின் மீது நக்கிள் திரும்புகிறது. நடுவிலுள்ள டிஃபரன்ஷியலில் 90 கியர் ஆயில், நக்கிளுக்குள் கிரீஸ். இவ்விரண்டும் கலவாமல் குழாயின் முனையில் ஓர் உள் ஆயில் சீல் காவல் நிற்கிறது. வெளியே, கோளத்தின் மீது கம்பளி வளையமும் ரப்பர் வளையமும் உராய்ந்தபடி கிரீஸை உள்ளேயும் சேற்றை வெளியேயும் நிறுத்துகின்றன.

எங்கள் வண்டியில் இடது முன்சக்கரத்தின் பின்புறம் எப்போதும் நனைந்தே இருந்தது. ஒரு பட்டறையில் இருமுறை வெளி வளையங்களை மாற்றினார்கள். இருமுறையும் சில வாரங்களில் கசிவு திரும்பியது. அப்போதுதான் அந்தப் பழமொழி எங்களுக்குச் சொல்லப்பட்டது. நாங்களும் நம்பி, குறைந்த ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டினோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது. பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்நாட்களில் ஜீப் முழங்கால் நீரில் பலமுறை போய்வந்தது. பொங்கலுக்கு முன் டிஃபரன்ஷியலைத் திறந்தபோது ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது. எண்ணெய் வெளியேறும் வழியே நீர் உட்புகும் வழியும் ஆகும் என்பதை அன்று கண்டோம். ஓடிச் சூடான அச்சு நீரில் இறங்கியதும் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. பழுதான சீல் வழியே நீரை உள்ளிழுக்கிறது. நீர் கலந்த ஆயிலில் பல்சக்கரமும் பேரிங்கும் அரிபடும்.

அதைவிடப் பெரிய அபாயம் பிரேக். இடது நக்கிளில் நிறைந்த ஆயில் சக்கரத்தின் பக்கம் கடந்து டிரம்முக்குள் இறங்கியிருந்தது. லைனிங் எண்ணெயில் ஊறினால் அந்தச் சக்கரம் பிடிப்பை இழக்கும். மிதிக்கும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். எங்கள் வண்டி வலப்பக்கம், அதாவது எதிரே வருபவரை நோக்கி இழுத்தது. இருபுறமும் கரும்பு நிற்கும் குறுகிய சாலையில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் பூட்டுவது வீண், மாற்றத்தான் வேண்டும்.

பிரித்துப் பார்த்ததில் காரணங்கள் வரிசையாக வெளிப்பட்டன. முதலாவது, அச்சுக் குழாயின் மேலுள்ள பிரீதர் துளை சேற்றால் அடைபட்டிருந்தது. ஓடும்போது சூடேறி விரியும் காற்றுக்குப் போக்கிடம் இல்லையென்றால் அது சீலைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேறும். இரண்டாவது, உள் சீலின் உதடு கல்லாக இறுகியிருந்தது. வண்டி மாதக்கணக்கில் நின்றே கிடந்தாலும் இது நேரும். மூன்றாவது, கிங்பின் பேரிங் தேய்ந்து நக்கிள் ஆடியது. ஆடும் நக்கிளில் எந்த வளையமும் கோளத்தின் மீது ஒரே சீராக அமராது. நான்காவது, கோளத்தின் மேற்பரப்பு துருவால் குழி விழுந்து, புதிய ரப்பரை அரம்போல் அறுத்துக்கொண்டிருந்தது. இருமுறை மாற்றிய வளையங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை.

எதைப் பிரிப்பதென்று முடிவு செய்ய எளிய சோதனை உண்டு. அச்சை நன்றாகத் துடைத்துவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நடுவில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் சொட்டினால் பினியன் சீல். நக்கிளில் என்றால், அதன் நிரப்புத் திருகைக் கழற்றுங்கள். உள்ளே கெட்டியான கிரீஸ் இருந்தால் வெளி வளையம் மட்டுமே குற்றவாளி. தேன்போல் ஓடுவதும் கந்தக நெடி அடிப்பதுமாக இருந்தால் அது கியர் ஆயில். உள் சீல் போய்விட்டது. கோளத்தின் மீது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது மட்டும் கசிவு ஆகாது; வளையம் உலராதிருக்க அது வேண்டும்.

நாங்கள் பிரீதரைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தோம். கோளத்தின் குழிகளை அடைத்து எமரித் தாளால் வழவழப்பாக்கினோம். கிங்பின் பேரிங்குகளை மாற்றி, மேல் ஷிம்மும் கீழ் ஷிம்மும் கலந்துவிடாமல் வைத்து, நக்கிள் ஆடாமலும் இறுகாமலும் திரும்பும்படி அமைத்தோம். உள் சீலை அதன் உதடு டிஃபரன்ஷியலை நோக்கும்படி நேராக அடித்து இறக்கினோம். கம்பளி வளையத்தை எண்ணெயில் ஊறவைத்த பிறகே பூட்டினோம். டிஃபரன்ஷியல் ஆயிலை அளவுத் துளைக்குமேல் ஊற்றவில்லை. சீல்களின் விலை அற்பம். விலை உயர்ந்தது பொறுமைதான்.

50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. அவ்வாறு பதிவானவை அன்றாடப் பயன்பாட்டுக்கு அல்ல, காட்சிக்கும் அணிவகுப்புக்கும்தான். மரபைக் காக்கும் முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் மரபென்பது புதுச் சாயம் பூசிய தகரம் மட்டுமா? திருகைக் கழற்றி முகர்ந்தே நோய் சொல்லும் மூத்த மெக்கானிக்குகளின் அறிவும் மரபுதான். அதற்குப் பதிவெண் எவரும் தருவதில்லை. தமிழில் அது எழுதப்பட்டும் இல்லை. ஒவ்வொரு மூத்தவரோடும் அது மறைகிறது. மிஞ்சுவது அந்தப் பழமொழி ஒன்றே.

நண்பர்கள் தத்தம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பிற்பகல் அமர்ந்து, கேட்டதை நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று விழைகிறோம். செலியமேட்டு ஜீப்பின் கீழ் விரித்த அட்டை இப்போது உலர்ந்திருக்கிறது. பழைய வண்டி ஒழுகியே தீரவேண்டும் என்பதில்லை.