திட்டமா, செயலா?

அமெரிக்கக் காற்பந்தில், பந்து நகரும் முன்னரே ஆட்டத் திட்டத்தைப் பயிற்றுநர் சொல்லிவிடுவார். கல்லூரி அணி தோற்றால், "திட்டமே தவறு" என்று ரசிகர்கள் அவரைச் சாடுவர். இது சரியா?

2007 ஜனவரி 1ஆம் நாள் நடந்த ஃபியஸ்டா கிண்ண ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். கூடுதல் நேரத்தில் ஒக்லஹோமா அணி 42 புள்ளிகளும் பாய்சி ஸ்டேட் அணி 41 புள்ளிகளும் பெற்றிருந்தன. பாய்சி அணிக்கு ஒரே வாய்ப்பு. பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஒரு புள்ளி, ஆட்டம் தொடரும். எல்லைக்கோட்டுக்குள் கொண்டுசென்றால் இரண்டு புள்ளிகள், வெற்றி. தவறினால் தோல்வி.

பயிற்றுநர் கிறிஸ் பீட்டர்சன் இரண்டு புள்ளிகளுக்குத் துணிந்தார். அவர் தேர்ந்தெடுத்தது பழைய தந்திரம்தான். ஜேரட் சப்ரான்ஸ்கி பந்தை எறிவதுபோல் வலக்கையை வீசினார். ஆனால், இடக்கையால் அதை முதுகுக்குப் பின்னால் இயன் ஜான்சனிடம் கொடுத்தார். எதிரணி ஏமாந்தது. ஜான்சன் இடப்புறமாக ஓடி எல்லையைக் கடந்தார். பாய்சி அணி 43-42 என வென்றது.

அந்த இடக்கை சற்றுத் தடுமாறியிருந்தால், இதே திட்டத்தை மடமை என்றிருப்பார்கள். எனவே, முடிவை மட்டும் பார்த்துத் திட்டத்தை எடைபோடக்கூடாது. வீரர்களால் இயன்றதைத் தேர்ந்தெடுப்பது பயிற்றுநரின் பொறுப்பு. அதைப் பிசகின்றிச் செய்து முடிப்பது வீரர்களின் பொறுப்பு. இரண்டும் தேவை. ஆயினும், திட்டத்தை வெற்றியாக்குவது பயிற்சி பெற்ற கைகளே என்பது என் கருத்து.