காணாமல் போன கல், காப்பாற்றிய காகிதம்

உலகம் முடியும் வரை நிற்க வேண்டும் என்ற ஆசையோடு ஒரு வெளிநாட்டுத் துறவி நம் தென்கோடிக் கடற்கரையில் ஒரு கல்தூண் நட்டார். அதில் லத்தீன் எழுத்தும் இருந்தது, நம் நாட்டு எழுத்தும் இருந்தது. இன்று அந்தக் கல் இல்லை.

நட்டவர் ஜியோவான்னி தெ மரிஞ்ஞோல்லி. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் ஊர்க்காரர், பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1338இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பெனடிக்ட் அவரைச் சீனப் பேரரசரிடம் தூது அனுப்பினார். திரும்பும் வழியில், 1348 வாக்கில், கொல்லத்தில் இறங்கி ஓராண்டுக்கு மேல் தங்கினார். அங்கே மிளகு எடை போடும் உரிமை தோமையார் கிறிஸ்தவர்களிடம் இருந்ததாம். போப்பின் தூதர் என்பதால் தனக்கு மாதம் 100 பொன் பணம் தந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்.

அவர் நட்டது பளிங்குத் தூண். உச்சியில் கல் சிலுவை. போப்பின் சின்னத்தோடு தன் சின்னத்தையும் செதுக்க வைத்து, எண்ணெய் பூசி நிறுத்தினார். இடம் கொல்லம் என்கிறார்கள் சிலர், குமரிமுனை என்கிறார்கள் சிலர்.

1662இல் டச்சுக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் கொல்லம் கடற்கரையில் ஒரு கல்தூணைப் பார்த்தார். 'புனித தோமையாரே நட்டது' என்றார்கள் ஊர்க்காரர்கள். அது மரிஞ்ஞோல்லியின் தூணாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்படியானால், கல் நின்றபோதே நட்டவர் பெயர் மறைந்துவிட்டது!

பிறகு நமக்கு எப்படித் தெரிந்தது? ஊர் திரும்பியவரிடம் பேரரசர் நான்காம் சார்லஸ், பொஹீமியா நாட்டு வரலாற்றை எழுதச் சொன்னார். அதற்கு நடுவே தன் பயண நினைவுகளையும் செருகி வைத்தார் மனிதர். அது அச்சேறியது 1768இல். கல் சொல்லாததைக் காகிதம் சொன்னது.

நம் புதுச்சேரிக் கதைக்கு வருவோம். கருவடிக்குப்பத்திலிருந்து டெம்போ பிடித்தால் உப்பளம் கல்லறைத் தோட்டம். அங்கே பிரெஞ்சு எழுத்துள்ள பழைய கற்கள் உண்டு. உப்புக் காற்று எந்தக் கல்லையும் விடாது. கோயில் படிக்கட்டில் நாம் மிதித்துப் போகும் 'உபய'க் கல்லுக்கும் இதே கதிதான்.

கையில் போன் இருக்கிறதே! காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், மங்கிய எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்ச எழுத்தும் போய்விடும். படித்ததை ஒரு நோட்டில் எழுதி, எந்த ஊர், எந்த இடம், என்ன தேதி என்று குறித்து வையுங்கள். முதலில் உங்கள் கொள்ளுத்தாத்தா கல்லறையிலிருந்து தொடங்கலாமே.