சேர்த்தெழுத்துக்குக் கட்டாயம் வேண்டாம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத் தனியார் பள்ளிகள் பலவற்றில், கல்வியாண்டின் தொடக்கத்தில் பெற்றோர் வாங்க வேண்டிய நோட்டுகளின் பட்டியலில், கணக்குக்கான கட்டம் போட்ட நோட்டுக்கும் தமிழுக்கான இரட்டைக் கோடு நோட்டுக்கும் அடுத்து, ஆங்கிலக் கர்சிவ் எழுதுவதற்கான நாலு கோடு நோட்டும் அச்சிட்ட பயிற்சிப் புத்தகமும் எவ்விதக் கேள்வியுமின்றி ஆண்டுதோறும் இடம்பெற்றுவருகின்றன. கர்சிவ் என்பது, ஒரு சொல்லின் எழுத்துகளைத் தனித்தனியே நிறுத்தாமல், பேனாவைத் தாளிலிருந்து கூடியவரை எடுக்காமலே ஒன்றோடொன்று கோத்து, சற்றே வலப்புறம் சாய்த்து எழுதும் சேர்த்தெழுத்து முறையாகும். ஆறேழு வயதுக் குழந்தைக்கு இதைக் கட்டாயமாக்குவதையும், சேர்க்காமல் எழுதியதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பதையும் பள்ளிகள் கைவிட வேண்டும். கையால் எழுதும் பயிற்சியையோ, அதிலும் குறிப்பாகத் தமிழ்க் கையெழுத்துப் பயிற்சியையோ, இப்போது இருப்பதைவிடக் கூட்ட வேண்டுமேயன்றிக் குறைக்கக் கூடாது. இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள் என்பதை மறந்துவிடுவதால்தான், கர்சிவ் வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் பேனாவையே வேண்டாம் என்பவர்களாகச் சித்திரிக்கப்படுகிறார்கள்.

சேர்த்தெழுதும் வழக்கம் அழகுக்காக மட்டும் வளர்ந்ததன்று. இறகையும், பின்னர் உலோக முள்ளையும் மையில் தோய்த்து எழுதிய காலத்தில், ஒவ்வோர் எழுத்துக்கும் முள்ளைத் தூக்கி மீண்டும் ஊன்றினால் மை சொட்டித் தாள் பாழாகும் என்பதால், கோடு அறுபடாமல் ஓடுவது ஒரு தொழில்நுட்பத் தேவையாகவே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குகளும் கடிதங்களும் படியெடுக்கப்பட்ட மதராஸ் அலுவலகங்களில் குமாஸ்தா வேலைக்கு நல்ல ஆங்கிலக் கையெழுத்து ஒரு முதலீடாக இருந்தது. அந்த மதிப்புதான் ‘கான்வென்ட் கையெழுத்து’ என்ற பெருமையாக இன்றைய நடுத்தரக் குடும்பங்களிலும் தங்கியிருக்கிறது. பால்பாயிண்ட் பேனா வந்ததோடு பழைய தேவை போய்விட்டது. பெருமை மட்டும் போகவில்லை.

இந்தப் பெருமைக்காகக் குழந்தை சுமப்பது சிறிதன்று. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்குப் பெரிய, சிறிய அச்சு வடிவங்களோடு பெரிய, சிறிய கர்சிவ் வடிவங்களும் சேரும்போது 104 உருவங்கள் ஆகின்றன. அதே ஆண்டுகளில் தமிழின் 247 எழுத்துகளும், பல பள்ளிகளில் தேவநாகரியும் அந்தக் கையைத் தேடி வருகின்றன. போதாக்குறைக்கு, ‘ஆர்’, ‘எஸ்’, ‘இசட்’ ஆகியவற்றின் கர்சிவ் வடிவங்கள் குழந்தை பாடநூலில் படிக்கும் வடிவங்களை ஒத்திருப்பதில்லை. ‘பி’, ‘ஓ’, ‘வி’, ‘டபிள்யூ’ ஆகிய நான்கும் கீழ்க்கோட்டில் முடியாமல் நடுக்கோட்டுக்கு அருகே முடிவதால், அவற்றை அடுத்து வரும் எழுத்தை மேலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ‘ஓ’வுக்குப் பின் ‘ஆர்’ வரும் சொற்களில் பிள்ளைகள் திணறுவதற்கு இதுவே காரணம். இந்த நுணுக்கத்தை விளக்காமல், ‘கோட்டைத் தொட்டு எழுது’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தருவது கற்பித்தல் ஆகாது.

கர்சிவ் கல்விக்கு அடையாற்றோடு ஒரு வரலாற்று உறவும் உண்டு. பிரம்மஞான சபையின் அன்றைய தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார்; உலகப் போரால் அவர் ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. பலகையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டி, குழந்தை அதை விரலால் தடவியபடியே அதற்குரிய ஒலியைச் சொல்லும் அவரது முறை புகழ்பெற்றது. இத்தாலியில் அவர் செய்த அந்த எழுத்துகள் கர்சிவ் வடிவிலேயே இருந்தன. ஆகவே சேர்த்தெழுத்தின் ஆதரவாளர்கள் அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் அவரது முறையின் உயிர் எழுத்தின் சாய்வில் இல்லை. விரலும் காதும் ஒரே நேரத்தில் ஓர் எழுத்தை அறிவதில் இருக்கிறது. எழுதுவதை ஏறக்குறைய அப்படியே ஒலிக்கும் இத்தாலிய மொழிக்கு அது இயல்பாகப் பொருந்தியது. எழுத்துக்கும் ஒலிக்கும் ஓயாத பிணக்குள்ள ஆங்கிலத்தைவிட, ககரம் போன்றவை இடத்துக்கேற்ப ஒலி மாறினாலும் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கப்படும் தமிழுக்கே அது மிகுதியும் உதவக்கூடியது. மேலும், மதிப்பெண்ணும் தண்டனையும் இல்லாத வகுப்பறையை நாடிய ஒருவரின் பெயரால் கர்சிவுக்கு மதிப்பெண் போடுவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று.

மூளை ஆய்வுகளையும் இங்கே துணைக்கு அழைக்கிறார்கள். நார்வேயில் 36 பல்கலைக்கழக மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து 2024 ஜனவரியில் வெளியான ஆய்வு, விசைப்பலகையைத் தட்டும்போது இருப்பதைவிடக் கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையிலான இணைப்பு விரிவாக இருப்பதைக் காட்டியது. அது ஒப்பிட்டது பேனாவையும் விசைப்பலகையையும். சேர்த்தெழுதுவதையும் பிரித்தெழுதுவதையும் அன்று. எனவே மழலையர் வகுப்பிலேயே டேப்லெட்டைத் திணிக்கும் பள்ளிகளுக்கு அந்த ஆய்வு ஓர் எச்சரிக்கை. நாலு கோடு நோட்டுக்கு அது நற்சான்று ஆகாது.

அமெரிக்காவில் 2010இல் வெளியான பொதுக் கல்வித் தரநிலைகள் கர்சிவைக் குறிப்பிடாமல் விட்டதும், பின்னர் மாநிலங்கள் சில அதை மீண்டும் கட்டாயமாக்கியதும், 2023இல் கலிபோர்னியாவும் அந்த வரிசையில் சேர்ந்ததும் இங்கே அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. முன்னோரின் கடிதங்களையும் ஆவணங்களையும் இளைய தலைமுறை படிக்க முடியாமல் போகும் என்பது அங்கே சொல்லப்பட்ட வலுவான காரணங்களுள் ஒன்று. தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றபோது, யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய ‘லை’, ‘னை’ முதலிய வடிவங்கள் பள்ளியை விட்டுப் போயின. அதற்குப் பின் படித்தவர்களுக்கு அவற்றை எழுத வராது. ஆயினும் பழைய நூலொன்றைக் கையில் கொடுத்தால் சில பக்கங்களுக்குள் பழகிப் படித்துவிடுகிறார்கள். ஒரு வடிவத்தைப் படிப்பதற்கு அதை ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழக வேண்டியதில்லை.

பொதுத்தேர்வு இன்னும் கையெழுத்தை நம்பியே நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் விடைத்தாளில் எழுத்துகள் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவுமில்லை. மருந்துச் சீட்டைப் பொறுத்தவரை, மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாகவும், கூடுமானவரை பெரிய எழுத்துகளிலும் எழுதுமாறு இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. உயிர்காக்கும் இடத்தில் கேட்கப்பட்டது கர்சிவுக்கு நேர்மாறானது.

கர்சிவுக்காகச் சொல்லத்தக்க நியாயம் ஒன்று உண்டு. ‘பி’யையும் ‘டி’யையும் இடம் மாற்றிக் குழப்பிக்கொள்ளும், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சேர்த்தெழுத்து உதவும் என்று சிறப்பாசிரியர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள். வேறு சில குழந்தைகளுக்கோ, இடக்கையால் எழுதுபவர்களில் பலருக்கோ, அதுவே தொல்லையாகிறது. வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தியாகராய நகரிலேயே நெடுங்காலமாக இயங்கிவருகிறது. எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்று கேட்பதற்கு அண்மையிலுள்ள பள்ளிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கர்சிவ் ஒரு கருவியாகப் பள்ளியில் இருக்கட்டும். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு, விரும்பும் பிள்ளைகள் கற்கட்டும்.

மிஞ்சும் நேரத்தில் ஒரு பகுதியைத் தமிழ் கேட்டுப் பெற வேண்டும். ரகரத்தின் கால் சாயாமல் நின்றால் அது துணைக்காலாகிவிடும் என்பதையும், இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் எங்கே தொடங்கி எப்படிச் சுற்றுகின்றன என்பதையும் பக்கத்தில் அமர்ந்து காட்டும் ஆசிரியர் அரிதாகிவிட்டதால், ஆங்கிலத்தில் முத்துமுத்தாக எழுதும் மாணவர்கள் பலர் தமிழில் புள்ளியை விட்டும் கொம்பை மாற்றியும் எழுதுகிறார்கள். பெற்றோர் முணுமுணுப்பார்கள் என்று பள்ளிகள் தயங்கக்கூடும். ஐந்தாம் வகுப்பு முடியும்போது பிள்ளை பத்து நிமிடத்தில் இரு மொழியிலும் பிறர் படிக்கும்படி எவ்வளவு எழுதுகிறது என்பதைப் பார்த்து, அந்தத் தாள்களைப் பெற்றோர் கூட்டத்தில் மேசைமேல் வைத்துவிட்டு, அதன் பிறகு அடுத்த ஆண்டின் நோட்டுப் பட்டியலைப் பற்றிப் பேசலாம்.