ஒகினாவா எழுதி வைத்தது, நாம் எழுதாமல் விட்டது

கராத்தே எங்கே பிறந்தது என்று மாணவன் கேட்டால், நம் பயிற்சிக்கூடங்களில் பெரும்பாலும் கிடைக்கும் விடை காஞ்சிபுரம். பல்லவ இளவரசர் போதிதர்மர் ஷாவ்லின் மடத்தில் கற்பித்த கலைதான் ஒகினாவா சென்று கராத்தே ஆனது என்கிறோம். போதிதர்மரைப் பற்றி 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்துக்குப் பிறகு இதை ஐயுறுபவரே குறைவு. புதுச்சேரி தவளக்குப்பம் வட்டாரத்தில் கராத்தேயும் சிலம்பமும் சொல்லித்தரும் மாஸ்டர்கள் இந்த விடையையும், சிலம்பமே கராத்தேக்குத் தாய் என்ற பேச்சையும் கைவிட வேண்டும். கைவிடுவதால் சிலம்பத்துக்குத்தான் ஆதாயம்.

போதிதர்மர் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, 547ஐ ஒட்டி யாங் சுவான்சி எழுதியது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. அதே நூற்றாண்டின் துறவி தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். போதிதர்மர் தமிழராகவே இருந்திருக்கலாம். ஆனால் இருவருமே சண்டைக் கலை பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. போதிதர்மர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டினது. ஒகினாவாவின் சாட்சி இன்னும் நேரடியானது. பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுவந்த ஷூரி ஆசான் இத்தோசு அன்கோ 1908இல் எழுதிய கடிதம், கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததல்ல என்றே தொடங்குகிறது. சீனத்திலிருந்து வந்த இரு பாணிகளையே அவர் மூலமாகக் காட்டுகிறார். ஒகினாவாவின் நாஹா நகரைச் சேர்ந்த ஹிகாவோன்னா கான்ரியோ கடல் கடந்து சீனத்தின் ஃபூஜோ போய்க் கற்றார். அவரிடம் கற்ற மியாகி சோஜுன் கோஜு-ரியூ என்ற கராத்தே பாணியை உருவாக்கினார். யார், எந்த ஊரில், யாரிடம் கற்றார் என்ற கண்ணி இங்கே பெரும்பாலும் அறுபடவில்லை. போதிதர்மர் கதையோ ஃபுனாகோஷி கிச்சின் போன்ற கராத்தே ஆசான்களின் நூல்கள் வழியாக உலகமெங்கும் பரவி, கடைசியில் நம்மிடம் வந்து சேர்ந்தது.

1945 போரில் ஒகினாவாவின் ஆவணங்கள் எரிந்துபோயினவே, சான்று இல்லாததாலேயே தொடர்பு இல்லை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 15ஆம் நூற்றாண்டில் ஒகினாவாவை உள்ளடக்கிய ரியூக்யூவின் வணிகர்களும் தமிழ் வணிகர்களும் மலாக்காவில் ஒரே துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்கள் என்பதும் உண்மை. ஆனால் இருவரும் சந்தித்திருக்கலாம் என்பதால் ஒருவர் மற்றவருக்குக் கம்பு சுழற்றக் கற்றுத்தந்தார் என்று ஆகிவிடாது. பக்கத்து அரியாங்குப்பத்தின் அரிக்கமேட்டை ரோமானிய வணிகத் துறை என்று உலகம் ஏற்றது நம் பெருமைக்காக அல்ல. 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது இத்தாலிய மண்பாண்டங்கள் கிடைத்ததற்காக. அந்த அளவுகோலையே இங்கும் வைக்க வேண்டும். சிலம்பக் கம்பின் சுழற்சியும் ஒகினாவாவின் போ கோலின் சுழற்சியும் ஒத்திருப்பதும் போதாது. நீண்ட கோலை இரண்டு கையால் பிடிக்கும் எவருக்கும் உடம்பு அனுமதிக்கும் வழிகள் சிலவே.

கிராமத்துப் பிள்ளைக்கு ஊக்கம் தரும் கதையை ஏன் பறிக்க வேண்டும் என்பதே வலுவான எதிர்வாதம். சிலம்பம் கராத்தேக்குத் தாய் என்பதால்தான் மதிப்புள்ளது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது, சிலம்பத்துக்குத் தன் காலில் நிற்க வலுவில்லை என்று சொல்வதே. காலடி, வரிசை, வீச்சு எல்லாம் அதன் சொந்தச் சொத்து. நமக்கு உண்மையில் இல்லாதது, ஒகினாவாவிடம் இருப்பது போன்ற ஆசான் வரிசை. பாகூரிலும் வில்லியனூரிலும் முதிய ஆசான்கள் இருக்கும்போதே, அவர்கள் யாரிடம் கற்றார்கள், எந்தக் காலடியை என்ன பெயரில் சொன்னார்கள் என்று எழுதி வாங்குங்கள். பெல்ட் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளில் போதிதர்மர் இருந்த இடத்தில் அந்தப் பெயர்களைக் கேளுங்கள்.