தாங்காததற்குத் 'தாங்கி' என்று பெயர்

காரின் பின்புறம் தொய்ந்துவிட்டால் 'ஷாக் போய்விட்டது' என்று முடிவுகட்டுவது நம்மிடையே பரவலான வழக்கம். புதிதாக ஓர் இணை வாங்கி மாட்டிய பிறகும் வண்டி தொய்ந்தே நிற்கும். வண்டியின் எடையை ஷாக் அப்சார்பர் சுமப்பதில்லை; சுமப்பது சுருள்வில். தொய்வு பெரும்பாலும் வில்லின் தளர்ச்சி. இதற்காக மெக்கானிக்கையோ வண்டிக்காரரையோ குறைகூற எனக்கு மனமில்லை. குற்றம் பெயரில் இருக்கிறது என்பதே என் கட்சி.

பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்த அடியை ஏற்பது வில். ஏற்ற வில் சும்மா இராது. மேலும் கீழுமாக அலையும். அந்த அலைவை அடக்குவதே ஷாக்கின் வேலை. உருளைக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் சிறு துளைகள் கொண்ட பிஸ்டன். துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாய்கையில் அலைவின் ஆற்றல் வெப்பமாகிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் ஷாக்கைத் தொட்டால் சுடும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'தடையுறு அலைவு' என்று படித்தோமே, அதுதான் இது. ஆக, 'அதிர்ச்சியை உறிஞ்சுவது' என்னும் ஆங்கிலப் பெயரே தவறு. ஆங்கிலப் பொறியாளர்கள் 'டேம்பர்' என்று சொல்லித் திருத்திக்கொள்கிறார்கள். ஜெர்மன்காரரின் 'ஷ்டோஸ்டெம்ப்ஃபர்' பாதி சரி. பிரெஞ்சுக்காரரின் 'அமார்டிசர்', 'தணிப்பது' என்ற பொருளில் முழுக்கச் சரி.

நாமோ ஆங்கிலப் பிழையை அப்படியே பெயர்த்து 'அதிர்ச்சி ஏற்பி' என்கிறோம். இன்னும் ஒருபடி மேலே போய் 'அதிர்வு தாங்கி' என்றும் எழுதுகிறோம். பட்டறையில் இச்சொற்கள் ஒலிப்பதில்லை. அங்கே 'ஷாக்', 'ஷாக்கப்சர்'. நான் இருக்கும் தில்லியில் 'ஷாக்கர்'.

குறிக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பில்லை என்று சசூர் சொல்லவில்லையா, பெயர் எதுவாயிருந்தால் என்ன என்று மொழியியல் மாணவர்கள் கேட்பீர்கள். அதே சசூர், இடுகுறித்தன்மையில் அளவு வேறுபாடு உண்டென்றும் சொன்னார். நமக்கு இது புதிதன்று. இடுகுறி, காரணம் என்று நன்னூல் காலத்திலேயே பிரித்திருக்கிறோம். 'ஷாக்' தமிழ்க் காதுக்கு ஏறத்தாழ இடுகுறி. அது எதையும் விளக்குவதில்லை. ஆகவே பொய்யும் சொல்வதில்லை. 'தாங்கி' காரணப்பெயர். காரணம் தவறாக இருக்கும்போது அது கேட்பவரை நம்பவைத்து ஏமாற்றுகிறது. பொருள் விளங்காத கடன்சொல்லைவிடப் பொருள் விளங்கும் தவறான தமிழ்ச்சொல் கேடானது என்கிறேன். இதைச் சொன்னதற்காகத் தமிழ்ப்பகைவன் என்ற பட்டம் வந்தால் வரட்டும்.

கேடு ஏட்டளவில் நிற்பதில்லை. குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் நண்பர் ஒருவரும் நானும் பின் ஷாக்குகளை மாற்றினோம். அரைநாள் வேலை. பின்புறத்தைத் தூக்கிவிட்டால் கைப்பிரேக் பயன்படாது, பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களையே பிடிக்கும் என்பதால். முன்சக்கரங்களுக்குக் கல் அண்டக்கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகக்கூடாது, ஸ்டாண்டு வேண்டும். இவை எந்தக் கையேட்டிலும் இருக்கும். ஆனால் வண்டியைத் தூக்கிய நிலையில் ஷாக் செய்யும் வேலையை அதன் பெயரிலிருந்து ஊகிக்கவே முடியாது. வில் தனியாகவும் ஷாக் தனியாகவும் அமைந்த பல சிறு கார்களில், தொங்கும் பின்னச்சு ஓர் அளவுக்குமேல் கீழே இறங்காதபடி பிடித்துவைத்திருப்பது இந்த ஷாக்தான். 'தாங்கி' என்று நம்பியவர், காரைத்தான் ஸ்டாண்டு தாங்குகிறதே என்று இருபுறமும் ஒருசேரக் கழற்றுவார். அச்சு சரியும், வில் இருக்கையிலிருந்து நழுவும், பிரேக் ஹோஸ் இழுபடும். அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக்கொடுத்து ஒவ்வொரு பக்கமாகக் கழற்றுவதே முறை.

இதற்கு நேரெதிரான அச்சமும் உண்டு: கழற்றினால் வில் தெறித்துவிடும் என்பது. முன்சக்கரத்தில் அது நியாயமான அச்சம். அங்கே பெரும்பாலும் வில்லும் ஷாக்கும் ஒரே கூட்டாக இருக்கும். வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவியின்றி மேல்நட்டைத் தொடவே கூடாது. சில கார்களில் பின்புறமும் அப்படித்தான். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வில் எதன்மீது உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பது உயிர்க்காப்பு. தாங்குவது எது, தணிப்பது எது என்ற வேறுபாடு சொல்லிலேயே இருந்திருந்தால் இப்படிப் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையிராது.

கீழ் போல்ட்டின் இறுதி முறுக்கை, சக்கரம் தரையில் அமர்ந்து வண்டியின் எடை இறங்கிய பிறகே தரவேண்டும். தொங்கும் நிலையிலேயே முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிய நிலையில் சிறைப்பட்டு விரைவில் கிழியும். பட்டறைகளில் அவசரத்தில் இதை விட்டுவிடுவதுண்டு. வீட்டில் செய்வதன் இலாபம் கூலி மிச்சம் மட்டுமன்று.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரவியலைத் தமிழ்வழியில் தொடங்கியது. 2021 முதல் இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க ஏ.ஐ.சி.டி.இ. ஊக்கம் தருகிறது. கலைச்சொல்லை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு பொருளை அறிய முயலும் மாணவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு 'அலைவுத்தணிப்பி' என்று கொடுக்கலாம். அல்லது 'ஷாக்' என்றே விட்டுவிடலாம். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். சொல்லாக்கக் குழுவினர் ஆங்கில அகராதியைத் திறப்பதற்குமுன் ஒருமுறை பட்டறைக்குப் போய் நிற்கட்டும். 'ஆயில் ஷாக்', 'கேஸ் ஷாக்' என்று அங்கே ஏற்கெனவே வகைபிரித்து வைத்திருக்கிறார்கள். நம் ஏட்டுச்சொல்லைக் கொண்டு அந்த எளிய வேறுபாட்டைக்கூட எழுத முடியாது: 'எண்ணெய்த் தாங்கி' என்றால் படிப்பவர் எண்ணெய்த் தொட்டியைத்தான் தேடுவார்.