லேபிள் இல்லாத நூல்கள்

திருப்பூரில் ஒரு பனியன் அட்டைப்பெட்டிக்குள் போகுமுன் அதற்கு லேபிள் ஏறிவிடுகிறது. அளவு, துணிவகை, துவைக்கும் முறை, உற்பத்தியான நாடு எல்லாம் அதில் உண்டு. அதற்கும் முன்பே, சாயப்பட்டறையிலிருந்து வரும் துணிக்கு லாட் எண் இட்டிருப்பார்கள். ஒரே நிறந்தானே என்று இரண்டு லாட்டுத் துணியைக் கலந்து வெட்டினால், தைத்து முடித்தபின் கை ஒரு சாயலும் உடல் ஒரு சாயலுமாகப் பல்லிளிக்கும். இவ்வூரில் தமிழ் பயிற்றுவிக்கும் எனக்கு, நம்மவர் இணையத்தில் ஏற்றும் நூல்களைக் காணுந்தோறும் அந்த லேபிள்தான் நினைவுக்கு வருகிறது.

சென்ற ஆண்டு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டுக்காகப் பழைய உரைநூல் ஒன்றின் மின்படியைக் கொண்டுவந்தார். முகப்புப் பக்கம் வருடப்படவில்லை. பதிப்பித்தவர் யார், எந்த ஆண்டு, எத்தனையாம் பதிப்பு, மூலப்படி எங்குள்ளது, ஒன்றும் தெரியவில்லை. கோப்பின் பெயரோ வெறும் எண். இதை மேற்கோள் காட்ட இயலாதம்மா என்று நான் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அத்தனை பக்கங்களைப் பொறுமையாய் வருடிய அன்பரின் உழைப்பும் அன்று வீணாயிற்று.

நிற்க. இக்குறைக்கு மருந்து உலகில் எப்போதோ கண்டாகிவிட்டது. 1995இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து டப்ளின் நகரில் நூலகத்தாரும் கணினியாளரும் கூடி வகுக்கத் தொடங்கிய 'டப்ளின் கோர்' என்னும் மீதரவுத் தரம் அது. மீதரவு என்பது தரவைப் பற்றிய தரவு. தலைப்பு, ஆக்கியோர், பொருள், வெளியீட்டாளர், நாள், மொழி, மூலம், உரிமை எனப் பதினைந்தே கூறுகள். 2003இல் அது பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

தமிழ் படித்தவர்க்கு இது புதிதன்று. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் பாயிரம் சொல்லவேண்டும் என்கிறது நன்னூல். காலம், களம், காரணம் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டென அதுவே குறிக்கிறது. அதை இயற்றிய பவணந்தியாரின் ஊர் நமக்கு அண்மையிலுள்ள சீனாபுரமே எனக் கருதுவாரும் உளர். பாயிரம் இல்லாதது நூலன்று என்று வகுப்பில் நடத்துகிறோம், இணையத்தில் மறந்துவிடுகிறோம்.

அயலார் தரத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும் போதாது. நமக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. 'பவ வருஷம்' என்று மட்டும் அச்சிட்ட நூல் 1874இலும் வந்திருக்கலாம், 1934இலும் வந்திருக்கலாம். உ.வே.சா. என்றும், சாமிநாதையர் என்றும், சுவாமிநாத ஐயர் என்றும் பதிந்தால் கணினிக்கு அவர் மூவர். தலைப்பெழுத்தை முன்னிடுவதா பின்னிடுவதா என்பதிலேயே நம்மிடம் உடன்பாடில்லை. இவற்றுக்கெல்லாம் பொதுவிதி நாம்தான் வகுத்தாக வேண்டும்.

'கரையான் அரிக்குமுன் வருடிவிடுவோம், விவரங்களைப் பிறகு பார்க்கலாம்' என்பார் நண்பர். அவர் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆயினும் நூல் கையிலிருக்கும் அந்நேரத்தில் எழுதாத விவரத்தைப் பிறகு யார் தேடி எழுதப்போகிறார்கள்? 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்து பாருங்கள். தட்டெழுதியவர், மெய்ப்பு நோக்கியவர் பெயர்கள் முகப்பிலேயே இருக்கும். தன்னார்வலர்களால் இயன்றதுதானே அது?

செம்புலப்பெயல்நீராரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலின் தொடரையே அவருக்குப் பெயராக்கிக் கொண்டோம். அணிலாடு முன்றிலார்க்கும் அதே கதிதான். ஏட்டுக்காலத்து இழப்பை இனி மாற்ற முடியாது. நம் காலத்தில் அது நேர்ந்தால் நாம்தான் பொறுப்பு. எனவே, மின்னூல் ஏற்றும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. முகப்புப் பக்கத்தை விடாமல் வருடுங்கள். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டும் பதிப்பும், மூலப்படி இருக்குமிடம் என ஐந்து வரிகள் எழுதுங்கள். ஆறாவதாக உங்கள் பெயரையும் இடுங்கள்.