கண்ணில்லாதாருக்கு மலை எதற்கு?

"மலைக்குப் போவது எதற்கு? பார்க்கத்தானே! பார்வையற்றவர் அங்கே போய் என்ன செய்யப் போகிறார்?" என்று கேட்போர் இன்றும் நாட்டில் இருக்கின்றனர். கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். 'சுற்றிப் பார்க்க' என்றுதானே நம் மொழியும் பழக்கியிருக்கிறது! ஆனால், முந்தலில் ஏறிப் போடிமெட்டில் இறங்கியவர் எவரும் இக்கேள்வியைக் கேட்கமாட்டார். ஆயிரம் அடிக்குச் சற்று மேலே கிடக்கும் போடிநாயக்கனூரின் வெயில், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகிறது. காது அடைக்கிறது. காற்று குளிர்கிறது. ஏலக்காய் உலர்த்தும் இடத்தை வண்டி கடக்கும்போது மணம் வந்து முகத்தில் மோதுகிறது. இவற்றில் எதற்குக் கண் வேண்டும்?

தவிர, மலை என்பது உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் உரிய சொத்தா? தேனி மாவட்டத்துத் தொழிலாளர் விடிகாலையில் ஜீப் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். அக்காளைக் கட்டிக் கொடுத்த வீடு மேலே இருக்கும். தம்பி கீழே இருப்பான். கல்யாணமும் உண்டு, சாவும் உண்டு. பார்வையற்ற தம்பி யாராவது கைபிடித்து அழைத்துப் போகும் நாள்வரை திண்ணையிலேயே காத்திருக்க வேண்டுமா?

கண்பார்வை இழந்த ஜேம்ஸ் ஹோல்மன் என்ற ஆங்கிலேயர், கைத்தடியைத் தட்டி அதன் ஓசையால் வழியறிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே உலகைச் சுற்றி வந்தார். இலங்கையும் இந்தியாவும் அவர் பயணத்தில் அடங்கும். அது பழங்கதை என்பீர்களானால், 2025 மே மாதத்தில் இமாசலப் பிரதேசத்துப் பெண் சோன்சின் ஆங்மோ எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அவருக்கும் பார்வை இல்லை. எவரெஸ்டுக்கு வழி இருக்கிறது, போடிமெட்டுக்கு இல்லையாம்!

வழி காட்டும் கருவிகளுக்கும் இன்று பஞ்சமில்லை. டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி, சென்னை நிறுவனமொன்றின் தயாரிப்பாக 2014-இல் வெளிவந்த 'ஸ்மார்ட்கேன்' கருவி, வெள்ளைத்தடியின் பிடியில் பொருந்துகிறது. தடி தரையைத்தான் தடவும். முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை அது அறியாது. இக்கருவி காதுக்கெட்டாத ஒலியலையை அனுப்பி, மூன்று மீட்டர் தொலைவிலேயே தடையை உணர்ந்து, கையில் அதிர்வாகச் சொல்லிவிடுகிறது. கைப்பேசியோ திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கிறது, தமிழிலும் படிக்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பைக் கொண்டு, நிற்கும் இடத்தைக் கணித்துச் சொல்கிறது.

"மலையில் டவர் கிடைக்காதே!" என்பார்கள். செயற்கைக்கோளின் குறிப்பைப் பெறக் கைப்பேசிக் கோபுரம் தேவையே இல்லை. வரைபடத்தைப் போடியிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், கோபுரமற்ற காட்டிலும் அது பேசும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செங்குத்தான பாறைகளுக்கு இடையிலும் அடர்ந்த மரநிழலிலும் கணக்குச் சில மீட்டர், சமயத்தில் அதற்கு மேலும் பிசகும். அண்ணா சாலையில் சில மீட்டர் பிசகினால் அடுத்த கடை வாசல், மலைச்சாலையிலோ பள்ளத்தாக்கு! ஆகவே தடியை வீட்டில் வைத்துவிட்டுக் கைப்பேசியை நம்பிப் போ என்று எவரும் சொல்லலாகாது. எந்த ஊர், எந்தத் திருப்பம் என்பதைக் கைப்பேசி சொல்லட்டும். அடுத்த அடியைத் தடி சொல்லும்.

"கண்ணுள்ளவர்களே குரங்கணியில் மாண்டார்களே" என்று 2018 மார்ச் 11-ஐ நினைவூட்டுவாரும் உண்டு. அன்று மலையேறிய இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது காட்டுத்தீ. அந்தத் துயரம் கேட்பது அனுமதி முறையையும், வழி தெரிந்த துணையையும், முன்னெச்சரிக்கையையும். இவை எல்லோருக்கும் வேண்டியவை. அதைக் காட்டிப் பார்வையற்றோருக்கு மட்டும் கதவடைப்பது என்ன நியாயம்?

கோளாறு கருவியில் இல்லை. நம் ஊரில் இருக்கிறது. முந்தல் என்பதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதி வரைபடத்தில் ஏற்றினால், கைப்பேசி அதை எப்படி உச்சரிக்கும்? உள்ளூர்க்காரருக்கே விளங்காது. எழுதாமலே விட்ட சந்தை எதுவும் அதன் வாயில் வராது. தமிழ்நாட்டின் வழியைத் தமிழன் தமிழில் கேட்க முடியாத நிலை கேவலமல்லவா? இதைத் திருத்தக் கோடிகள் வேண்டியதில்லை. 2004-இல் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்னும் பொது வரைபடத்தில் எவரும் தெருவையும் நிறுத்தத்தையும் கிணற்றையும் தமிழிலேயே பதியலாம்; பார்வையற்றோருக்கான வழிகாட்டிச் செயலிகள் சில அதைக் கொண்டே இயங்குகின்றன. போடியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஏலத்தோட்டக்காரர் சங்கத்தின் பெயர் தாங்கிய கல்லூரியும் இருக்கிறது. பார்வையற்ற தோழர்களையும் உடன் அழைத்துக்கொண்டு மாணவர்கள் நடந்தால், சில வாரங்களில் ஊர் முழுவதும் பேசத் தொடங்கிவிடும்.

அடுத்தது பேருந்து. 2010 இறுதியில் நின்றுபோன போடி ரயில், பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காக்க வைத்து, 2023 ஜூன் 15 முதல் மீண்டும் ஓடுகிறது. சென்னையில் ஏறிய பார்வையற்றவர் போடி வரை வந்துவிடுகிறார். அதற்கப்பால்? பேருந்து நிலையத்தில் பத்து வண்டி உறுமுகிறது. எது மூணாறு, எது குரங்கணி? சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021 முதல் கட்டணமில்லை. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் கட்டணமில்லாத வண்டி எது என்பதை நாலு பேரிடம் கெஞ்சிக் கேட்டல்லவா ஏற வேண்டியிருக்கிறது! பயணி கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் வண்டியே தன் தட எண்ணைச் சொல்லும் 'ஆன்போர்டு' கருவியையும் அதே டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கியது, டெல்லியிலும் மும்பையிலும் சோதித்தும் பார்த்தார்கள். சென்னை மாநகரப் பேருந்துகள் சிலவற்றில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபரப்பும் ஏற்பாடு வந்துவிட்டது. தலைநகரத்துக்கு வந்தது மலையடிவாரத்துக்கு வர எத்தனை ஆண்டு?

இது கருணைக்கான விண்ணப்பம் என்று அதிகாரிகள் எண்ணிவிட வேண்டாம். பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் எல்லோரும் பயன்படுத்தத் தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம், வெறும் பரிந்துரையாக இருந்த விதி சட்டத்துக்கே முரண் என்று கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. வழக்குத் தொடுத்து ஆணை பெறவே பத்தொன்பது ஆண்டு! 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் ஐம்பது லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் ஆளுக்கொரு வழக்குத் தொடுக்கவா முடியும்?

போடி நகராட்சியும் அரசுப் போக்குவரத்துக் கழகமும் டெல்லி விதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மலைச்சாலை வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு ஒலிபெருக்கி, நிலையத்தில் தடம் சொல்லும் தமிழ்க்குரல், மேட்டுக்கு அப்பால் கேரளத்துப் பேருந்துகளிலும் இதே ஏற்பாட்டுக்கு அந்த அரசோடு ஒரு பேச்சு. முதல் அறிவிப்பு முந்தலில் ஒலிக்கட்டும்.